மின்னஞ்சற் பெட்டியை இடம் மாற்றுதல்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல இன்று சொந்த மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கின்றன. வங்கியின் கடன் உத்தரவும், விதை வாங்கிய ரசீதும், வியாபாரிகளின் விலைப்புள்ளியும் அதில்தான் வந்து சேருகின்றன. கட்டணம் முதலிய காரணங்களால் அஞ்சலை வேறு சர்வருக்கு மாற்ற நேரும்போது, புதுக் கடிதங்கள் புதிய இடத்துக்கு வருமேயன்றிப் பழையவை தாமாகப் பின்தொடர்ந்து வாரா. இதனை அறியாது பழைய கணக்கை மூடிவிட்டால், தணிக்கையின்போது காட்டுவதற்கு ஒரு ரசீதும் இராது.

கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு எங்கிருந்தும் படிக்க உதவும் ஐமேப் என்னும் முறை 1986-இல் மார்க் கிரிஸ்பின் என்ற அமெரிக்கரால் வகுக்கப்பட்டது. ஐமேப்சிங்க் என்ற மென்பொருள் இம்முறையைக் கொண்டே வேலை செய்கிறது. அது இரு சர்வர்களிலும் நுழைந்து, ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் உள்ள அடையாளத்தை ஒப்பிட்டு, மறுபுறம் இல்லாதவற்றை மட்டும் பிரதி செய்கிறது. ஆகவே இடையில் மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. மறுபடி ஓட்டினால் விட்டதைப் பிடித்துக்கொள்ளும். படித்தவை, படிக்காதவை என்ற குறியும் மாறுவதில்லை. ஆனால் கடிதங்கள் யாவும் நம் கணினி வழியாகவே செல்வதால், 10 ஜிபி அளவுள்ள பெட்டிக்கு 10 ஜிபி இறக்கவும் வேண்டும், அதே அளவு ஏற்றவும் வேண்டும். கிராமத்து இணைப்பில் இரவு நேரமே உகந்தது.

பாப் முறையில் கடிதங்களை அலுவலகக் கணினிக்கு இறக்கிச் சர்வரில் அழித்து வந்தவர்களுக்கு அங்கே பிரதி செய்ய ஒன்றும் இராது. அவர்கள் முதலில் அக்கணினியைப் பத்திரப்படுத்த வேண்டும்.

முதற் பிரதி முடிந்த பின்னரே முகவரியைத் திருப்ப வேண்டும். அஞ்சல் எச்சர்வருக்குச் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும் எம்எக்ஸ் பதிவுக்கு ஓர் ஆயுட்காலம் உண்டு. அது 86,400 வினாடியாக இருப்பின், மாற்றிய பிறகும் ஒரு நாள் வரையில் சில கடிதங்கள் பழைய இடத்துக்கே போகலாம். இரண்டு நாள் முன்னதாகவே அதனை 300 வினாடியாகக் குறைத்துவிடுதல் நலம். திருப்பிய பிறகு மீண்டும் ஒரு முறை மென்பொருளை ஓட்டி, எஞ்சியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வேலைக்கு இரு பெட்டிகளின் கடவுச்சொற்களும் தேவை. குறைந்த கூலிக்குச் செய்து தருவதாகக் கூறும் முன்பின் அறியாதவரிடம் அவற்றைக் கொடுப்பது, களஞ்சியத்தின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்றே கருதுகிறோம். வேலை முடிந்ததும் இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.

பிறகு ஒவ்வோர் உறையிலும் உள்ள கடிதங்களின் எண்ணிக்கையை இரு புறமும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மாதமேனும் பழைய கணக்கை மூடாதிருக்க வேண்டும். முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் இவ்வழியில் வாரா. அவற்றைத் தனியே கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.