முத்துச்சிப்பியின் தாடி

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனால், அடியில் பாறைத் திட்டுகள் உண்டு. முத்துக்குளிப்பவர்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பிகளின் வீடு அதுதான். எல்லாரும் சிப்பிக்குள் முத்தைத் தேடுவார்கள். எனக்கோ அதன் தாடிமேல்தான் ஆசை! ஓட்டின் இடுக்கிலிருந்து பச்சையும் பழுப்புமாக ஒரு நார்க்கொத்து நீண்டிருக்கும். அலை எவ்வளவு அடித்தாலும் சிப்பி பாறையை விட்டுவிடாமல் பிடித்துவைப்பது அந்த நார்தான். அதன் உறவுக்காரனான ஆளிக்கும் இதே தாடி உண்டு.

தாடிக்கு அப்புறம் வருவோம். இப்போது ஒரு பாலித்தீன் பையின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டையாக நிற்கிறதா? நன்றாகக் கழுவிய கண்ணாடியில் விட்டால் பரவிவிடும். பாலித்தீனுக்குத் தண்ணீரோடு சேராது, எண்ணெயோடுதான் சேரும்.

கடல்நீரைக் குடிநீராக்கும்போது இந்தக் குணம் தொல்லை தரும். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், தொடங்கியபோது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில். இப்படிப்பட்ட வேலையில் உப்பைப் பிரிப்பதற்கு முன்பே சேறு, பாசி, கிருமி எல்லாவற்றையும் வடிகட்டிவிட வேண்டும். அதற்கு உதவும் மெல்லிய சவ்வுகளைப் பாலிசல்ஃபோன் போன்ற பிளாஸ்டிக்கில் செய்வதுண்டு. வலுவான பொருள்தான், ஆனால் பாலித்தீனைப் போலவே தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாது. பாசியின் வழவழப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்து அப்பிக்கொள்ள, துளைகள் அடைபட்டுப்போகும். தண்ணீரைத் தள்ள மோட்டார் திணறும், மின்சாரச் செலவும் ஏறும்.

இதற்கு வழிகாட்டியது அந்தத் தாடிதான். ஆளியின் தாடியைப் பாறையில் ஒட்டவைக்கும் பசையில் 'டோபா' என்ற பொருள் இருக்கிறது. அதன் நெருங்கிய சொந்தம் டோபமின். நம் மூளையில்கூட அது இருக்கிறது! 2007-இல் அமெரிக்காவில் ஹேஷின் லீ, ஃபிலிப் மெசர்ஸ்மித் குழுவினர் லேசான காரத்தன்மையுள்ள நீரில் டோபமினைக் கரைத்து, பலவகைப் பொருள்களை அதில் முக்கிப் பார்த்தார்கள். தெளிந்த நீர் மெல்ல மெல்லக் காப்பி நிறமானது. எந்தப் பொருளை முக்கினாலும் அதன்மேல் ஒரு படலம் படிந்தது. ஒரு நாள் முழுக்க ஊறினாலும் அதன் தடிமன் 50 நானோமீட்டர் அளவுதான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இந்தப் படலத்தை வடிகட்டும் சவ்வுக்கும் பூசலாம். படலத்தில் தண்ணீர் மூலக்கூறுகளைக் கைகோத்துப் பிடிக்கும் பகுதிகள் நிறைய உண்டு. அதனால் சவ்வின்மேல் எப்போதும் ஒரு நீர்ப்போர்வை கிடக்கும். எண்ணெய்த் துளி வந்தால் உட்கார இடம் கிடைக்காமல் நழுவிப் போகும். பாறையோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் உயிரிடம் படித்த பாடம், அழுக்கை ஒட்டவிடாமல் காக்கிறது பார்த்தீர்களா!

ஆனால் ஒன்று. சவ்வை அதிக நேரம் ஊறவிட்டால் படலம் தடித்து, துளைகளையே அடைத்துவிடும். சரியான நேரத்தில் வெளியே எடுப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.