வெட்டவெளியில் உடைப் புகைப்படம்

தீபாவளியன்று விடியற்காலையில் டோம்பிவிலியின் பட்கே சாலைக்குச் செல்வோர் ஓர் இனிய காட்சியைக் காண்பர். அங்குள்ள கணேசர் கோயிலில் வழிபட்ட இளைஞரும் மங்கையரும் புத்தாடை உடுத்து, சாலை நெடுகிலும் கூடி நிற்பர், ஒருவரையொருவர் வாழ்த்துவர், படம் எடுத்துக்கொள்வர். நரக சதுர்த்தசி நமக்கும் புத்தாடைத் திருநாள் ஆதலின், எண்ணெய் தேய்த்துக் குளித்த தமிழ்ப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் கலந்திருப்பர். அரங்கமும் மின்விளக்கும் இன்றி எடுக்கப்படும் அப்படங்களுள் பல அழகாக அமைந்துவிடுகின்றன. நல்ல உடை, இளவெயில், மனமொத்த தோழர் ஆகிய மூன்றும் அன்று ஒருங்கே வாய்ப்பதே அதற்குக் காரணம். திருநாளில் தாமாக வாய்க்கும் இவற்றை வேறொரு நாளில், சிறு தொகையில், திட்டமிட்டுப் பெறுவது எங்ஙனம் என்பதை இங்கு நோக்குவோம்.

இவ்வினா எங்கள் கட்டடத்திலேயே எழுந்தது. அங்கு வாழும் ஒரு தமிழ்ப் பெண்மணி கைத்தறித் துணியில் இரவிக்கைகளும் சட்டைகளும் தைத்து விற்கிறார். துணியை நேரில் காணாதவர்கள் படத்தைப் பார்த்தே வாங்குகின்றனர். முன்பு ஒருமுறை, அறிமுகமான ஒருவர் ஊதியமின்றிப் படம் எடுத்துக் கொடுத்தார். அப்பெண்மணியின் தங்கை மகள் உடையணிந்து நின்றாள். சில மாதங்கள் சென்றபின் அதே படம் வேறொரு கடையின் விளம்பரப் பலகையில் தோன்றியது. அதில் அப்பெண்ணின் மாநிறம் வெளுக்கப்பட்டிருந்தது. "இது நானா, பெரியம்மா?" என்று அவள் கேட்டாள். பெரியம்மாவிடம் விடையும் இல்லை, கடைக்காரரிடம் காட்டுதற்கு ஒரு தாளும் இல்லை.

ஆதலின் இரண்டாம் முறை முயன்றபோது, காமிராவைப் பற்றி எண்ணுவதற்கு முன்னரே தாளையும் பேனாவையும் எடுத்தோம். இது குறித்துச் சட்டம் கூறுவதை அனைவரும் அறிதல் நலம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிடில், பணம் கொடுத்தவரே ஆவார். பணமின்றி நட்பிற்காக எடுக்கப்பட்ட படமோ எடுத்தவருக்கே உரியது. 'இலவசம்' என்று மகிழ்ந்து நாம் இழப்பது இவ்வுரிமையையே. உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்தில் ஒப்பமிட்டுத் தரல் வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும்.

எங்கள் உடன்பாடு ஒரே பக்கத்தில் அடங்கியது. படம் எதற்காக, எங்கெங்கு, எத்தனை காலம் பயன்படும். எவருக்கு எவ்வளவு ஊதியம். படத்தின் கீழ் யார் யார் பெயர் இடம்பெறும் என்பனவற்றை அதில் எழுதினோம். துணியின் கசங்கலையும் முகத்தின் பருவையும் நீக்கலாம். தோலின் நிறத்தை மாற்றலாகாது என்று இறுதியில் ஒரு வரி சேர்த்தோம். தைப்பவர், படம் எடுப்பவர், ஒப்பனை செய்பவர், உடையணிந்து நிற்பவர், உதவியாளர் ஆகிய ஐவரும் ஒப்பமிட்டனர். பின்னரே எந்த உடை, எத்தகைய தோற்றம் என்ற பேச்சு எழுந்தது. மனத்திலுள்ளதைச் சொல்லால் விளக்குவது கடினம் ஆகையால், மாதிரிப் படங்களையும் துணித் துண்டுகளையும் ஓர் அட்டையில் ஒட்டி நடுவில் வைத்தோம். ஐவரும் ஒரே அட்டையைப் பார்த்துப் பேசியதால் வீண் வாதம் குறைந்தது. பத்து உடைகள் என்று தொடங்கிய பட்டியலும் நான்காகச் சுருங்கிற்று.

அடுத்தது கதிரவனின் கணக்கு. வெட்டவெளியில் விளக்குக்கு வாடகை இல்லை. ஆயினும் விளக்கு நம் விருப்பப்படி எரிவதில்லை. டோம்பிவிலி வட அட்சம் 19 பாகையை ஒட்டி அமைந்த ஊர். ஆகவே மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது கண்ணின் கீழும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். டிசம்பர் இறுதியிலோ நண்பகலிலும் ஏறத்தாழ 47 பாகை உயரமே ஏறும். ஒளி சற்றுப் பக்கவாட்டில் வரும். மழையையும் கருத வேண்டும். வானிலைத் துறை 2020-இல் திருத்திய கணக்கின்படி, மும்பையில் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 11. விலகும் நாள் அக்டோபர் 8. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலமே சிறு முதலினர்க்கு உகந்தது. அந்நாட்களிலும் உதயத்திற்குப் பின் ஒன்றரை மணி நேரமும், அத்தமனத்திற்கு முன் ஒன்றரை மணி நேரமும் உயிரான வேளைகள். எஞ்சிய நேரத்தில் மர நிழலையோ கட்டட நிழலையோ நாடலாம். கடும் வெயிலைத் தணிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. தூய வெள்ளை வேட்டியை இருவர் மேலே விரித்துப் பிடித்தால் ஒளி மென்மையாகும். முகத்தின் நிழற்பக்கத்தில் வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்றைக் காட்டினால் இருள் நீங்கும்.

இடத்தைத் தேர்வதில் அழகைவிட அனுமதியே முதன்மையானது. இரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கும் ஆசை இளைஞரிடையே மிகுதி. அது உயிருக்குக் கேடு. அத்துமீறி நுழைதல் 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றமுமாகும். அம்பர்நாத்தில் 1060-ஆம் ஆண்டின் கல்வெட்டையுடைய கருங்கற் சிவாலயம் நம் கண்ணைக் கவர்வதே; எனினும் அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதால், குழுவாகச் சென்று படம் எடுக்க முன் அனுமதி பெறல் வேண்டும். நாங்கள் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் எழுத்து மூலமான இசைவுடன் மொட்டைமாடியையும், பின்புறச் சுவரையும், வேப்பமர நிழலையும் பயன்படுத்தினோம். உடை மாற்ற அறையும், குடிக்க நீரும், கழிப்பிடமும் அருகிலேயே இருந்தன. நிற்கும் பெண்ணுக்கு இவை மூன்றும் இல்லாத இடம் எத்துணை அழகியதாயினும் தக்க இடம் அன்று.

மும்பைக் கோட்டையிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நமக்குப் பயணமும் ஒரு செலவே. படம் எடுப்பவர் செம்பூரிலிருந்து துறைமுகப் பாதை வண்டியில் வந்து குர்லாவில் மாற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழுதுபார்ப்புக்காகப் பகற்பொழுதில் வண்டிகள் நிறுத்தப்படுவதுண்டு. எனவே அந்த 'மெகா பிளாக்' அறிவிப்பைச் சனிக்கிழமையே பார்த்து, அவரை முன்னிரவே வந்து தங்கச் செய்தோம். மல்லிகைச் சரத்தையும் மாதுங்காக் கடைவீதியில் முதல்நாள் மாலையே வாங்கி, ஈரத்துணியில் பொதிந்து வைத்தோம்.

செலவு 8,000 ரூபாய். படம் எடுப்பவருக்கு 2,000, ஒப்பனையாளருக்கு 2,000, வாடகை லென்ஸுக்கு 1,500, பயணத்துக்கும் உணவுக்கும் 1,500, உடையணிந்து நின்றவளுக்கு 1,000. உறவுப்பெண் ஆயிற்றே என்று இறுதித் தொகையை விட்டுவிடலாம் எனச் சிலர் கூறினர். பெரியம்மா அதற்கு இசையவில்லை.

நிறத்தைப் பற்றிய வரி ஏன் வேண்டும் என்பதையும் விளக்குவோம். காமிராவின் ஒளிமானி தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கருதி அளக்கிறது. வெள்ளை உடை படத்தை நிறைத்தால் அது ஒளியைக் குறைக்கும். மாநிற முகம் இருண்டுவிடும். எனவே முகத்தருகே ஒளியை அளந்து, அதற்கேற்பக் காமிராவை அமைத்தல் வேண்டும். ஒரு காலத்தில் கருவியும் சார்பற்றதாக இல்லை. 1950-களில் தொடங்கிப் பல்லாண்டுகள், கோடாக் நிறுவனம் வண்ணப்படக் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' என்னும் மாதிரி அட்டைகளில் வெண்ணிறப் பெண்களே இடம்பெற்றனர். அந்நிறம் சரியாக வந்தால் படம் சரி என்று கொள்ளப்பட்டது. நம் நாட்டிலும் அம்மயக்கம் தீரவில்லை. அதற்கு மறுமொழியாகவே, சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நில்லும் கரிய நிறத்தோரைத் தெய்வ வடிவங்களில் நிறுத்திப் படமெடுத்து, 2018-ஐ ஒட்டி, 'கருமையே தெய்வீகம்' எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டனர்.

அன்று காலை ஏழரை மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் இரண்டு உடைகளை முடித்தோம். மற்ற இரண்டை மாலையில் எடுத்தோம். படங்கள் வந்தபோது, தங்கை மகள் வெகுநேரம் ஒன்றையே பார்த்திருந்தாள். இம்முறை அவள் எதையும் கேட்கவில்லை. அதைத் தன் தாயாருக்கு அனுப்பினாள்.

வெயிலை இரவல் பெறலாம். சுவரையும் வேட்டியையும் இரவல் பெறலாம். உடன் உழைப்போரின் உரிமையையும் உருவத்தையும் மட்டும் அவர்தம் இசைவின்றிப் பெறலாகாது. வெளிமாநிலத்தில் வாழ்ந்து சிறு தொழில் தொடங்கும் நம்மவர் செலவைக் குறைக்கும் வழிகளை ஆராயும்போது இதனை நினைவில் கொள்வாராக.