நட்சத்திரம் தொங்கும் வீடு

டிசம்பர் மாதம் பிறந்தால் கேரளத்துத் தெருக்களின் தோற்றம் மாறிவிடும். கடை வாசல்களில் காகித நட்சத்திரங்கள் வரிசையாகத் தொங்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பல நிறங்கள். மாலையில் விளக்கு போட்டதும் அவை ஜொலிக்கும். மாடி வீட்டிலும் நட்சத்திரம் தொங்கும். ஓட்டு வீட்டிலும் தொங்கும். கிறிஸ்தவர் வீடுகளில் மட்டும் அல்ல. பிற மதத்தவர் பலரும் தங்கள் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம் கட்டுகிறார்கள்.

டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் திருநாள். இயேசு பிறந்த நாளாக இது கொண்டாடப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் சுமார் 2 கோடியே 78 லட்சம் பேர். நாகாலாந்து, மிசோரம், மேகாலயா மாநிலங்களில் அவர்களே பெரும்பான்மையினர். கேரளம், கோவா, தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலும் ஏராளமான பேர் உள்ளனர்.

இவர்களில் கூலி வேலை செய்வோர் உண்டு. மீன் பிடிப்போர் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைப்போர் உண்டு. திருநாள் அன்று வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அது நல்ல ஆசைதான். ஆனால் அதற்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று கடன். மற்றொன்று நெருப்பு. இந்த இரண்டும் வீட்டுக்குள் வராமல், அழகு மட்டும் வருவது எப்படி?

ஏன் நட்சத்திரம்? ஏன் குடில்?

இயேசு பெத்லகேம் என்ற ஊரில் பிறந்தார். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் மாட்டுத் தீவனத் தொட்டியில் குழந்தையைக் கிடத்தினார்கள். கிழக்குத் திசையில் இருந்து ஞானிகள் குழந்தையைத் தேடி வந்தார்கள். ஒரு நட்சத்திரம் அவர்களுக்கு வழி காட்டியது. பைபிள் இப்படிச் சொல்கிறது. அதனால்தான் வாசலில் நட்சத்திரம். வீட்டுக்குள் மாட்டுத் தொழுவம் போன்ற குடில்.

குடில் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் புனித பிரான்சிஸ். இவர் இத்தாலி நாட்டின் அசிசி நகரைச் சேர்ந்தவர். 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற ஊரில் ஒரு குடில் அமைத்தார். வைக்கோல் பரப்பினார். உண்மையான மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஏழ்மையில் பிறந்த குழந்தையை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆகவே, குடிலுக்குப் பொன்னும் வெள்ளியும் தேவை இல்லை. வைக்கோலும் மூங்கிலும் போதும்.

நட்சத்திரம் செய்யும் முறை

கடையில் வாங்கும் நட்சத்திரத்தை வீட்டிலேயே செய்யலாம். தேவையானவை: இரண்டு அடி நீளமுள்ள மூங்கில் குச்சிகள் 10. ஐந்து அங்குல நீளமுள்ள சிறு குச்சிகள் 5. நூல், வண்ணக் காகிதம், மைதா பசை.

முதலில் ஐந்து நீளக் குச்சிகளை எடுக்க வேண்டும். ஐந்து முனை நட்சத்திரமாக அடுக்கி, முனைகளை நூலால் கட்ட வேண்டும். மீதி ஐந்து குச்சிகளில் இன்னொரு நட்சத்திரம் கட்ட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

நடுவில் குச்சிகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடங்கள் ஐந்து இருக்கும். அந்த ஐந்து இடத்திலும் சிறு குச்சியை முட்டுக் கொடுக்க வேண்டும். இப்போது நட்சத்திரம் நடுவில் உப்பி நிற்கும். பிறகு சுற்றிலும் வண்ணக் காகிதம் ஒட்ட வேண்டும். முனைகளுக்கு ஒரு நிறம், நடுவில் வேறு நிறம் என்றால் பார்வையாக இருக்கும். காகிதத்தில் சிறு துளைகள் இட்டால், வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். பின்பக்கம் பல்பு நுழைய ஒரு வழி விட வேண்டும்.

உள்ளே 60 வாட் குண்டு பல்பு போடக் கூடாது. அது கடுமையாகச் சுடும். காகிதம் கருகும். சிறிய எல்.இ.டி. பல்பு போதும். அதுவும் காகிதத்தைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும்.

மின் கட்டணத்திலும் லாபம் உண்டு. ஒரு நாளைக்கு 5 மணி நேரம் வீதம் 30 நாள் எரிந்தால், 60 வாட் குண்டு பல்புக்கு 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது.

முளைவிடும் குடில்

மலையாளத்தில் குடிலைப் புல்க்கூடு என்கிறார்கள். புல்லால் ஆன கூடு என்று பொருள். பெயருக்கு ஏற்ப அதில் வைக்கோலும் புல்லும் இருக்கும்.

கோவாவில் ஓர் அழகான வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் வருவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே கேழ்வரகை முளைக்கப் போடுவார்கள். தமிழ்நாட்டில் முளைப்பாரி வளர்ப்பது போலத்தான் இதுவும்.

கேழ்வரகை ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். பழைய தட்டில் இரண்டு அங்குலம் மண் பரப்ப வேண்டும். அதில் விதையை நெருக்கமாகத் தூவ வேண்டும். தினமும் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வரும்போது பச்சைப் பட்டு விரித்தது போல் புல் நிற்கும். அதைக் குடிலின் முன் வைத்தால் வயல்வெளி தயார்.

ஒரு கண்ணாடித் துண்டை நடுவில் பதித்தால் அது குளம். கூழாங்கல் அடுக்கினால் அது மலை. ஆட்டுக்குட்டியும் மாடும் களிமண்ணில் செய்யலாம். இந்த வேலையைக் குழந்தைகள் விருப்பத்தோடு செய்வார்கள். பல வீடுகளில் குழந்தை இயேசுவின் உருவத்தை உடனே வைப்பதில்லை. டிசம்பர் 24 நள்ளிரவில்தான் வைக்கிறார்கள். அதுவரை தொட்டில் காலியாகக் காத்திருக்கும்.

பளபளப்புக்குச் செலவு இல்லை

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனி நாட்டில் இருந்து வந்த வழக்கம். அங்கே ஊசி இலை மரத்தை வைக்கிறார்கள். தென்னிந்தியாவில் பலர் சவுக்குக் கிளையை வைக்கிறார்கள். கிளை வெட்ட மனம் இல்லை என்றால், தொட்டிச் செடியையே அலங்கரிக்கலாம். செடி அடுத்த ஆண்டும் இருக்கும்.

மரத்தில் என்ன தொங்கவிடுவது? வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே நிறையக் கிடைக்கும்.

டீத்தூள் பாக்கெட்டின் உட்பக்கம் வெள்ளி போல் மின்னும். அதைக் கழுவித் துடைத்துக் கீற்றுகளாக வெட்டலாம். பழைய சேலையின் ஜரிகைக் கரை இருந்தால், அது தங்கத் தோரணம். தையல்காரரிடம் சிவப்பு, பச்சை வெட்டுத் துணிகள் கிடைக்கும். அவற்றைக் கயிற்றில் முடிந்தால் வண்ண மாலை. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வண்ணம் பூசினால் மணி.

காகிதப் பந்தும் செய்யலாம். காஷ்மீரில் ஸ்ரீநகர் கைவினைஞர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். காகிதக் கூழில் பந்து, மணி, நட்சத்திரம் செய்து, மெல்லிய தூரிகையால் பூ வேலை செய்கிறார்கள். அவை வெளிநாட்டு வீடுகளின் கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்குகின்றன.

அந்த நுட்பம் வர நாள் ஆகும். ஆனால் எளிய பந்து எவரும் செய்யலாம். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊற வைக்க வேண்டும். இடித்துக் கூழாக்கிப் பிழிய வேண்டும். பசை சேர்த்து எலுமிச்சை அளவு உருட்ட வேண்டும். தொங்கவிட நூலைப் பதித்து, நன்றாகக் காய வைத்து, வண்ணம் பூச வேண்டும்.

எல்லா நிறத்தையும் எல்லா இடத்திலும் கொட்டினால் கண் கூசும். இரண்டு, மூன்று நிறங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. சிவப்பு, பச்சை, தங்க நிறம் மூன்றும் நன்றாகச் சேரும். ஒரே அறை உள்ள வீடு என்றால் ஒரு மூலையை மட்டும் அலங்கரித்தால் போதும். நடக்கும் வழியில் தோரணம் இடிக்கக் கூடாது.

தெர்மோகோல் மட்டும் வேண்டாம். அலங்காரத்துக்குத் தெர்மோகோல் பயன்படுத்துவது 1.7.2022 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. அது மண்ணில் மக்காது. நெருப்புப் பட்டால் வேகமாக எரிந்து நச்சுப் புகை கக்கும். பனி போலக் காட்டப் பஞ்சு ஒட்டுவதும் உண்டு. பஞ்சும் நொடியில் பற்றிக்கொள்ளும். ஆகவே, அதை விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

சீரியல் விளக்கு: அழகும் ஆபத்தும்

முன்பு ஐரோப்பாவில் மரத்தில் மெழுகுவர்த்தி கட்டினார்கள். அதனால் தீ விபத்துகள் நேர்ந்தன. 1882-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் எட்வர்ட் ஜான்சன் என்பவர் தம் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளைக் கட்டினார். மின்விளக்குக் கட்டிய முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுதான். அவர் மின்விளக்கால் புகழ்பெற்ற எடிசனுடன் வேலை செய்தவர்.

இன்று சீரியல் விளக்கு எங்கும் கிடைக்கிறது. அது வேலை செய்யும் விதத்தை அறிந்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய வகைச் சீரியலில் 50 சிறு பல்புகள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தால், 230 வோல்ட் 50 பங்காகப் பிரியும். ஒரு பல்புக்கு 5 வோல்ட்கூட வராது. ஒரு பல்பு போனால் பாதை அறுந்து எல்லாம் அணையும்.

ஒரு பல்புக்கு 5 வோல்ட்தானே, தொட்டால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். இது பெரிய தவறு. அறுந்த இடத்தில் கை பட்டால் 5 வோல்ட் அல்ல, 230 வோல்ட்டும் தாக்கலாம். உயிர் போகலாம். போன பல்பை நீக்கிவிட்டு வயரை முறுக்கி இணைப்பதும் தவறு. மீதி பல்புகளுக்கு அதிக மின்சாரம் போகும். அவை சூடேறும். வயர் உருகும். எல்.இ.டி. சீரியல் சூடு குறைவானது. ஆனால் அதன் வயரிலும் ஷாக் அடிக்கலாம்.

ஆகவே இவற்றை மறக்கக் கூடாது:

1. தோல் உரிந்த, ஒட்டுப் போட்ட வயரைப் பயன்படுத்தக் கூடாது.

2. பிளக் இல்லாமல், வயர் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சொருகக் கூடாது.

3. ஒரே பிளக்கில் பல இணைப்புகள் கொடுக்கக் கூடாது.

4. தகரக் கூரை, இரும்பு ஜன்னல், துணி காயும் கம்பி ஆகியவற்றில் சீரியலைச் சுற்றக் கூடாது. அவை மின்சாரத்தைக் கடத்தும்.

5. மழையில் நனையும் இடத்தில் கட்டக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது.

6. பல்பை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

7. தூங்கப் போகும் முன்பும், வீட்டைப் பூட்டிக் கோயிலுக்குப் போகும் முன்பும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும்.

8. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கக் கூடாது. அது குற்றம். உயிருக்கும் ஆபத்து.

மெழுகுவர்த்தி ஏற்றினால் மணல் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். குடிலின் வைக்கோலுக்கு அருகில் வைக்கக் கூடாது.

ஆபத்து வந்தால்

தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. மணல் போடலாம். தீ பெரிதானால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். தீயணைப்புத் துறைக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ள வேண்டும். பிறகு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

கடன் கணக்கு

பக்கத்து வீட்டில் பெரிய நட்சத்திரம். அதைவிடப் பெரியது வேண்டும் என்று ஒருவர் 2,000 ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. மாதம் 100 ரூபாய் ஆகிறது. அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது வட்டி மட்டும் 1,200 ரூபாய் கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். நட்சத்திரம் கிழிந்திருக்கும்.

மூங்கில் நட்சத்திரம் அப்படி அல்ல. திருநாள் முடிந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டுச் சட்டத்தைப் பரணில் வைக்கலாம். அடுத்த ஆண்டு புதுக் காகிதம் ஒட்டினால் போதும். பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாக உண்டியலில் சேர்த்தால், காகிதச் செலவுக்கும் கேக்குக்கும் அது உதவும்.

வீட்டில் உள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து குச்சி கட்டுகிறார்கள். ஒருவர் பசை தடவுகிறார். ஒருவர் காகிதம் வெட்டுகிறார். குழந்தை ஓடி ஓடி நூல் எடுத்துத் தருகிறது. வெளிச்சம் போட்டதும், இது எங்கள் வீட்டு நட்சத்திரம் என்று அந்தக் குழந்தை தெருவெல்லாம் சொல்லும். காசு கொடுத்து வாங்கிய நட்சத்திரத்தில் இந்தப் பெருமை கிடைக்காது.

சிந்திப்போம், பேசுவோம்

1. சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணைவது ஏன்?

2. உங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? வீட்டில் எல்லோருக்கும் அது தெரியுமா?

3. தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகைகளுக்கு உங்கள் ஊரில் கடன் வாங்குகிறார்களா? அதைக் குறைக்க என்ன செய்யலாம்?

4. வீட்டில் வீணாகும் எந்தப் பொருள்களைக் கொண்டு அலங்காரம் செய்யலாம்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.