பால் உறையில் பதியும் எழுத்து

காலையில் வரும் பால் உறையின் எழுத்துகளைக் கவனித்ததுண்டா? "இந்த மை பாலில் இறங்கிவிடாதா?" என்று என் தாயார் கேட்ட பிறகுதான் நானும் கவனித்தேன்.

இத்தகைய உறைகளில் அச்சிடப் பயன்படுவது பிளெக்ஸோ முறை. ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல் எழுத்துகள் இடவலம் மாறிப் புடைத்து நிற்கும் மெல்லிய தகட்டை உருளையில் சுற்றுகிறார்கள். வளைக்கும்போது தகடு சற்று நீளுமாம். அதனால் படத்தை முன்கூட்டியே சிறிது குறுக்கிவிடுகிறார்கள்!

சூட்சுமம் இன்னோர் உருளையில் இருக்கிறது. அனிலாக்ஸ் எனப்படும் அதன் மேலெல்லாம் நுண்குழிகள். மிகுந்த மையை ஒரு கத்தி வழித்துவிட, குழிகளில் நின்ற மை மட்டுமே தகட்டுக்குச் செல்லும். தகடு பாலிதீனை மெல்லத் தொட்டாலே போதும். அழுத்தினால் எழுத்து பிதுங்கிவிடும். பாலிதீனோ மையை உறிஞ்சாது. ஆகவே முதலில் அதன்மேல் மின்சாரம் பாய்ச்சி மை பிடிக்கச் செய்து, அச்சிட்டபின் சூடான காற்றால் உடனே உலர்த்துகிறார்கள்.

அம்மாவின் ஐயம் புதிதன்று. முன்பு அனிலைன் சாயங்களை மையாக்கியதால் இது 'அனிலைன் அச்சு' எனப்பட்டது. அவை உணவுக்கு ஆகாதவை என்ற அச்சம் பரவியது. வேறு மைகள் வந்தும் அச்சம் நீங்காததால், 1952இல் அமெரிக்காவில் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

மை இருப்பது உறையின் வெளிப்புறத்தில்தான். ஆனால் அச்சிட்ட பாலிதீனைச் சுருளாகச் சுற்றும்போது, ஒரு சுற்றின் வெளிப்புறம் மற்றொன்றின் உட்புறத்தைத் தொடுமல்லவா? மை சரியாக உலராவிட்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் நான் கேட்டது சரிதானே?" என்றார் அம்மா.