6/9 தெரிந்தாலும் பார்வைக் குறைதான்

மனு எழுதித் தரச்சொல்லி என்னிடம் வருகிறவர்களில் ஒரு வகையினரை வாசலிலேயே கண்டுகொள்வேன். பேப்பரின் பொடி எழுத்தைத் தடங்கலில்லாமல் படிப்பார்கள். எழுந்து திரும்பும்போது பக்கத்து ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொள்வார்கள். வேலை புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில். பகல் ஷிஃப்டுக்குத் தனியாகப் போய்விடுவார்கள். இருட்டிவிட்டால் வீடு திரும்பப் பிள்ளையின் தோள் வேண்டும். கைப்பையில் மாற்றுத்திறனாளி சான்றுக்கு அலைந்த சீட்டு, அதில் எழுத்து அட்டையைப் படிக்கவைத்து எழுதிய ‘6/9’ என்று ஒரே வரி. “சுவத்துல இருக்கிற எழுத்தையெல்லாம் படிக்கிறியேப்பா, உனக்கு எதுக்கு சர்டிபிகேட்?” என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவர்களும் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். ஒரே ஒரு சோதனையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இவர்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்துக்கும் ஓரப் பார்வைக்கும் குச்சிச் செல்கள், ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கூம்புச் செல்கள், சுமார் 60 லட்சம். எழுத்தைப் படிக்கும் நடுப்புள்ளியில் கூம்புகள் மட்டுமே நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே குச்சி ஒன்றுகூடக் கிடையாது. ஆக, சுவரில் மாட்டிய எழுத்து அட்டை சோதிப்பது கூம்புகளைத்தான். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயிலோ முதலில் சாவது குச்சிகள். மாலைக்கண்ணில் தொடங்கும். பிறகு ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். நடுவில் 6/9 பல வருடம் தாக்குப்பிடிக்கும். பின்னால் கூம்புகளும் போகும். உலக அளவில் ஏறக்குறைய 4000 பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது.

இந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்று பார்ப்போம். முதுகெலும்புள்ள உயிர்களின் கண்ணில் அவை வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து நிற்கின்றன. தாடையில்லாத லாம்ப்ரே மீனின் கண்ணிலும் அப்படித்தான். ஆக்டோபஸ் கண்ணில் நேர்மாறு. பின்சுவர் பக்கம் நிற்பதில் ஒரு வசதி உண்டு. குச்சிச் செல் தன் நுனியில் பத்தில் ஒரு பங்கைத் தினமும் கழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. அந்தக் கழிவைத் தின்று, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒளிப்பொருளைப் புதுப்பித்துத் தருவது பின்சுவரின் நிறமிப் படலம். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான ஜீன் ஒன்று பழுதானாலே செல் செத்துப்போகும். வரிக்குதிரை மீனின் கண்ணில் செத்த செல் மறுபடி முளைக்கும். மனிதக் கண்ணில் முளைக்காது. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இனி சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. கண்ணாடி போட்ட பிறகும் பார்வைப் புலம், அதாவது ஓரம் உட்படக் கண்ணுக்குத் தெரியும் அகலம், 40 டிகிரிக்குக் கீழே, 10 டிகிரி வரை இருந்தால் அது குறைபார்வை. 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. எழுத்து எத்தனை வரி தெரிந்தாலும் சரி. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அதன் அகலம் சுமார் 10 டிகிரி. உலகமே அந்த முஷ்டிக்குள் அடங்கிப்போன ஒருவரிடம் “நல்லாத்தானே தெரியுது” என்று சொல்வது சட்டத்தைப் படிக்காதவர் பேச்சு.

செய்ய வேண்டியது இதுதான். கோரிமேடு ஜிப்மர் கண் பிரிவுக்கோ தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போங்கள். பார்வைப் புலத்தை அளக்கும் சோதனை அங்கே உண்டு. “ஃபீல்டு டெஸ்ட் எடுக்கணும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, இயந்திரம் அச்சிட்ட தாளை வாங்குங்கள். விழித்திரைப் புகைப்படத்தையும், குச்சி-கூம்பின் மின் எதிர்வினையைக் காட்டும் இ.ஆர்.ஜி. அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதும் குறிப்பில் புலத்தின் டிகிரி எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ‘மாலைக்கண்’ என்று மட்டும் எழுதியிருந்தால் சீட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். ஆதார், முகவரிச் சான்று, போட்டோவோடு ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அட்டைக்குப் பதியுங்கள். ஃபீல்டு டெஸ்ட் தாள் இல்லாமல் சான்று தரும் மருத்துவக் குழு முன்னால் போய் உட்காராதீர்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை மறுப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எழுத்தில் வந்தால் அதே சட்டத்தின் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தை நாடுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டிலும், உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டிலும் உங்களுக்கும் இடம் உண்டு.

அடுத்தது எச்சரிக்கை. செத்த செல் முளைக்காது என்றேன் அல்லவா? “ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும்” என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி கண்ணுக்கு ஸ்டெம் செல் தருவது பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. காசு கேட்டாலே அது ஆய்வு இல்லை என்று எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற மரபணு மருந்து ஒன்று இருக்கிறது. அது ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு ஜீன் பழுதானவர்களுக்கு மட்டும். வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், கர்ப்பிணிக்கு இன்னும் ஆபத்து. அதேசமயம், குழந்தைக்குப் புதிதாக மாலைக்கண் வந்தால் அது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். அது குணமாகும், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இந்த நோய்க்கு வாய்ப்பு கூடுதல். ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மறைப்பதால் அடுத்த பிள்ளையும் ஸ்டூலில்தான் இடித்துக்கொள்ளும்.

மறுபடியும் சொல்கிறேன்: எழுத்து அட்டையோடு திரும்பி வராதீர்கள். ஃபீல்டு டெஸ்ட் கேளுங்கள், தாளைக் கையில் வாங்குங்கள், டிகிரி எண்ணைப் பாருங்கள்.