கூண்டுக் குரங்குக்கும் மனசு உண்டு!

வட இந்திய ரயில் நிலையங்களில் நம் கைப்பழத்தைப் பறிக்கும் ரீசஸ் குரங்குகள், ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்காக ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. 1978-ல் இந்தியா அதற்குத் தடை போட்டது.

அங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1950-களில் ஹாரி ஹார்லோ ஒரு சோதனை செய்தார். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளிடம் பால் தரும் கம்பிப் பொம்மை ஒன்றையும், பால் தராத துணிப் பொம்மை ஒன்றையும் வைத்தார். என்ன நடந்தது தெரியுமா? பால் குடிக்க மட்டுமே கம்பியிடம் போயின. மற்ற நேரமெல்லாம் துணியையே கட்டிக்கொண்டு கிடந்தன!

வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. தனிக் கூண்டில் அடைபட்ட குரங்கு தன் ரோமத்தைத் தானே பிடுங்கும்; தன்னையே கடித்துக்கொள்ளும். ஆராய்ச்சிக் குரங்குகளின் மனநலனையும் பேண வேண்டும் என்று 1985-ல் அமெரிக்கா சட்டம் செய்தது. கூட ஒரு துணை, ஏறி உட்கார ஒரு கிளை, தேடித் தின்ன ஒளித்துவைத்த தீனி. இவைதான் மருந்து.

நமக்காக நோயைத் தாங்கும் ஜீவனுக்கு இந்தக் கூலிகூடக் கொடுக்கக் கூடாதா?