காமிராவுக்குக் கதவு திறந்த குமாரசாமி

ஒளியில் அமர்தல் – 11

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் ஜார்ஜ் ஏரிக்கரையில் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கிய கதை போன வாரமே முடிந்தது. எதிரே உட்காருபவர்களை வசியம் பண்ணித்தான் அவர் நல்ல படம் எடுக்கிறார் என்று ஒருவர் எழுதிவைக்க, யாருடைய வசியத்துக்கும் மசியாத வானத்தின் பக்கம் காமிராவைத் திருப்பினார். இவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும்.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டு விடாதவர் ஆனந்த குமாரசாமி. ஆமாம், 'சிவ நடனம்' எழுதிய அதே குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர், அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் தந்த சர் முத்து குமாரசாமியின் மகன். 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நடராஜரோடு நாம் அவரை நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 புகைப்படங்கள் அந்த அருங்காட்சியகத்துக்குள் கலைப்படைப்புகளாகவே நுழைந்ததற்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். அன்றைக்கு அருங்காட்சியகங்களில் புகைப்படத்துக்குக் கொடுத்திருந்த உத்தியோகம், சிலைக்கும் ஓவியத்துக்கும் பதிவேட்டுச் சாட்சியாக இருப்பது. சாட்சியைக் கூப்பிட்டுச் சபையில் உட்காரவைத்தது ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குமாரசாமி படித்தது கலை வரலாறு அல்ல, நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். அப்போது, 1904இல், பலாங்கொடைப் பக்கம் அவர் கண்டெடுத்த கறுப்புக் கல் ஒன்று புதுத் தாது என்று தெரியவந்து 'தோரியனைட்' என்று பெயர் பெற்றது. தோரியம், கொஞ்சம் யுரேனியம். அதாவது கதிர்வீச்சுக் கல். 1896இல் பாரிஸில் பெக்கரல் கறுப்புத் தாள் சுற்றிய புகைப்படத் தகட்டோடு யுரேனிய உப்பை மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். வெயில் படாமலே தகட்டில் உருவம் விழுந்தது. தோரியனைட்டும் அந்த ஜாதிதான். இருட்டில் தகட்டின் மேல் வைத்துவிட்டால் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். லென்ஸ் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், ஆள்கூட வேண்டாம். இதற்கும் தியானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆசிரியர் கேட்பார். சம்பந்தம் கிடையாது, விட மனசு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிற்பி முதலில் தியானத்தில் அமர்கிறான், உருவம் முழுசாக உள்ளே தெரிந்த பிறகே உளியை எடுக்கிறான் என்று சுக்கிரநீதியை ஆதாரம் காட்டி எழுதியவர் குமாரசாமி. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. தியான சுலோகம் அவர்கள் பாடத்திலேயே உண்டு. சரி, அப்படிப்பட்டவர் எதிரே இருப்பதைத் தவிர எதையும் எடுக்கத் தெரியாத ஒரு பெட்டியை எப்படி மதித்தார்?

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. 1923 முதல் மேகங்களுக்கு ஸ்டீக்லிட்ஸ் பயன்படுத்தியது நான்குக்கு ஐந்து அங்குல கிராஃப்ளெக்ஸ். அதன் தோல் கூண்டுக்குள் முகத்தைப் புதைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி, பிம்பத்தை நிமிர்த்திக் காட்டும். இடம் வலத்தை மட்டும் மாற்றிவிடும். வலப்பக்கம் போகிற மேகம் அதில் இடப்பக்கம் போகும். ஷட்டரைத் தட்டியதும் கண்ணாடி மேலே எழும்பிப் பார்வை அடைபட்டுவிடும். படம் விழுகிற நொடியில், எடுப்பவருக்கு இருட்டு. பார்த்ததெல்லாம் அதற்கு முன்னால்தான். சிற்பியின் வரிசையும் இதுவேதானே? எடுத்த மறுகணம் திரையில் பார்த்துவிடுகிற நமக்கு அந்த இருட்டு வாய்ப்பதில்லை. ஒருநாள் பயிலரங்கு நடத்தித் தியானப் புகைப்படம் கற்றுத்தருகிறவர்கள் முதலில் அந்தத் திரையை ஒட்டி மூடச் சொல்லலாம்.

ஆன்மிகம் என்றதும் ஸ்டீக்லிட்ஸை விபூதிப் பட்டையோடு கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 1923இல் சேணம் பூட்டிய ஒரு குதிரையின் பின்பக்கத்தைப் படமெடுத்து, 'ஆன்மிக அமெரிக்கா' என்று பெயர் வைத்தார். அது காயடித்த குதிரை.

இந்த வாரம் வர வேண்டிய மைனர் வைட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. ஜென், குர்ஜீஃப் என்று தேடியலைந்து, மாணவர்களைப் படத்தின் முன்னால் அசையாமல் உட்காரவைத்த வாத்தியார் அவர். 1946இல், ஸ்டீக்லிட்ஸ் கண்மூடிய அதே ஆண்டில், நியூயார்க்கில் அவரைப் போய்ப் பார்த்தார். கிழவர் கேட்டது லென்ஸைப் பற்றியோ தகட்டைப் பற்றியோ அல்ல. நீ எப்போதாவது காதலித்திருக்கிறாயா என்றுதான். வைட் சொன்ன பதிலும் அதற்குப் பின் நடந்தவையும் அடுத்த வாரம்.